சல்லடை

ஆடி பிறந்துவிட்டது. கடைசி லாரி பெங்களூரா
நேற்றோடு முடிந்தது.
பர்கூர் ரோட்டு மாங்கூழ் ஆலையில் மிச்சம் இருப்பது
தோல் புளித்த வாசம், ஈ, நான்.

முனிரத்தினம் உட்கார்ந்த நாற்காலி இது.
அவர் ஓசூருக்குப் போய் மூன்று மாதம்.
கம்பெனி மெயில் இன்னும் அவர் ரசனையில்தான் திறக்கிறது:
பின்னணியில் பனிமலை
(கிருஷ்ணகிரி வெயிலுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து),
இடப்பக்கம் முப்பத்தெட்டு லேபிள்,
அதில் "முக்கியம்", "மிக முக்கியம்", "முக்கியம் 2",
வலப்பக்கம் யாரும் பேசாத சாட்.

"பாத்தாலே தலை சுத்துது,
கொஞ்சம் ஒழுங்கு பண்ணும்மா" என்றார் முதலாளி.

பண்ணினேன்.
மலையை எடுத்தேன், வெள்ளை போதும்.
சாட்டைச் சாத்தினேன்.
ப்ரமோஷன்ஸ், சோஷியல் தட்டுகளைக் கழற்றினேன்.
மூன்று முக்கியங்களையும் ஒன்றாக்கி
பிறகு அதையும் அழித்தேன்.
வரிகளை நெருக்கினேன்,
ஒரு திரைக்கு ஐம்பது மெயில் நின்றது,
சேலம் பஸ் படிக்கட்டு மாதிரி.
துறைமுகத்துக்கு நீலம், லேப் ரிப்போர்ட்டுக்குப் பச்சை,
ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மெயில் போடும்
ஜெத்தா வியாபாரிக்கு மஞ்சள்.
அழகாகத்தான் இருந்தது.
போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

கடைசியாக ஒரு பக்கம். ஃபில்டர்கள்.
பதினொன்று.
பத்து, பேங்க் லோன், டூர் பேக்கேஜ், எடை குறைக்கும் டீத்தூள்.
பதினொன்றாவது தமிழில் இருந்தது.
"எடை குறைவு" என்று வந்தால்
இன்பாக்ஸைத் தாண்டு.
படித்ததாகக் குறி.
இரண்டு டிக். அவ்வளவுதான்.

டீத்தூளோடு சேர்ந்தது என்றுதான் நினைத்தேன்.
திறந்தேன்.
நூற்றுப் பதினாறு.

சந்தூர் திம்மராயன், மகள் தட்டியது:
"ஐயா எங்க வண்டி டேம் ரோட்டு வேபிரிட்ஜ்ல
நாலு டன் நூத்தி இருபது.
உங்க சீட்டுல மூணு டன் தொள்ளாயிரத்து எண்பது.
பதில் போடவும்."
ஜெகதேவி மாதம்மாள், பிரவுசிங் சென்டர் ஐடியிலிருந்து,
உள்ளே ஒன்றுமில்லை,
தலைப்பில் மட்டும் எடை குறைவு எடை குறைவு எடை குறைவு.
ஒருத்தர் நாலு வருஷமாக அதே மெயிலை
தேதி மட்டும் மாற்றி.
எல்லாமே மெலிந்த எழுத்தில்.
படித்த மெயில் அப்படித்தான் தெரியும்.

கீழே ஆலையில் இதே வேலைக்கு ஒரு மெஷின் உண்டு.
அரை மில்லி துளை.
கூழ் ஒரு பக்கம், நார் ஒரு பக்கம்.
நாரையாவது மாட்டுக்காரர்கள் வந்து அள்ளிப்போவார்கள்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.
"அதுவா... சீசன்ல குவியும்மா,
கப்பல் மெயில் கண்ணுல படாது.
நானாவா போட்டேன்?"
பின்னால் குக்கர் விசில்.
"நானாவா போட்டேன் சொல்லு" என்றார் மறுபடி.

சொல்ல வாய் வரவில்லை.
போன சீசனில் கேட்டில் நின்று
அந்தச் சீட்டுகளை எழுதியது நான்.
தராசுப் பெட்டியில் சிவப்பாக எரிந்த எண்ணைப் பார்த்து
அப்படியே, திருத்தமான கையெழுத்தில்.

ஃபில்டரை நீக்கினேன்.
நூற்றுப் பதினாறையும் படிக்காதவை என்று குறித்தேன்.
ஒரு நொடி சுற்றியது,
பிறகு திரை முழுக்கக் கறுத்துத் தடித்த பெயர்கள்.
வரிகளை மறுபடி அகலப்படுத்தினேன்.
நெருக்கினால் ஊர்ப்பெயர் வெட்டுப்படுகிறது.

காலையில் முதலாளி வருவார்,
எட்டரைக்கு, கையில் இட்லிப் பொட்டலத்தோடு,
"முடிஞ்சுதா?" என்பார்.

இப்போதைக்கு ஒரு பதில் ஆரம்பித்திருக்கிறேன்.
"அன்புள்ள திம்மராயன் அவர்களுக்கு" வரை வந்திருக்கிறது.
அதற்கு மேல் ஒரு எண் வேண்டும்.
எண் தராசுப் பெட்டிக்குள் இருக்கிறது.
பெட்டியின் சாவி
இட்லிப் பொட்டலம் பிடிக்கும் அதே கையில்.